நான்கு பேர் குடும்பத்துக்குக் கப்பல் சுற்றுலா: விளம்பரக் கட்டணம் கடைசி பில்லாக மாறும் கணக்கு

பெரியவர்கள் இருவர், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 7 இரவுக் கப்பல் பயணம். விளம்பரத்தில் போட்டிருக்கும் கட்டணத்தை நாலால் பெருக்கிக்கொண்டால் போதுமா, மொத்தம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும், அதே பணத்தில் தரையிலேயே விடுமுறை எடுப்பது மேலா என்பது கேள்வி.

நாலால் பெருக்குவது இரண்டு பக்கமும் பிசகும். கேபின் கட்டணம் அதைவிடக் குறைவாக வரும். மற்ற செலவுகளோ அந்தப் பெருக்கலில் வரவே வராது. கப்பல் நிறுவனங்கள் சில தொகைகளைத் தலைக்கு ஒரு முறை வாங்குகின்றன, சிலவற்றைத் தலைக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குகின்றன. குடும்பத்தின் பட்ஜெட்டைக் கவிழ்ப்பது இந்த இரண்டாவது வகைதான். நான்கு பேர், ஏழு நாள் என்றால் 28. தினசரிக் கட்டணம் எதைப் பார்த்தாலும் உடனே 28-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

முதலில் கேபின் கட்டணம். விளம்பரத்தில் இருப்பது ஒரு கேபினில் இருவர் தங்கினால் ஆளுக்கு எவ்வளவு என்ற தொகை. முதல் இரண்டு பேரும் முழுக் கட்டணம் கட்டுவார்கள். அதே கேபினில் மூன்றாவது, நான்காவதாகச் சேர்பவர்களுக்குக் கட்டணம் குறையும்; எவ்வளவு குறையும் என்பது கப்பலுக்குக் கப்பல், வாரத்துக்கு வாரம் மாறும். 'முதல் இருவர்' என்பதில் வயது பார்ப்பதில்லை. அம்மாவும் ஒரு குழந்தையும் மட்டும் போனால் அந்தக் குழந்தைக்கும் பெரியவர் கட்டணம்தான். 'பிள்ளைகளுக்கு இலவசம்' என்று வரும் சலுகையிலும் இலவசமாவது கேபின் கட்டணம் மட்டுமே. துறைமுகக் கட்டணமும் வரியும் பிள்ளைகளுக்கும் உண்டு. தினசரி டிப்ஸும் பெரும்பாலும் உண்டு.

ஒப்பிட வசதியாக, முதல் இருவரின் கட்டணத்தைத் தலைக்கு 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள விகிதங்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். உங்கள் கப்பலின் எண்களை அந்த இடங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருவருக்கும் 200. பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்றால் 100. ஆக 300. துறைமுகக் கட்டணமும் வரியும் தலைக்கு 20 என்றால் நாலு பேருக்கு 80. டிப்ஸ் ஏழு நாளுக்குத் தலைக்கு 17 என்றால் 68. கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே 300 என்பது 448 ஆகிவிட்டது. இரண்டு கருவிகளுக்கு வைஃபை 30, மூன்று துறைமுகங்களில் நாலு பேரும் சுற்றிப் பார்க்கத் தலைக்கு 10 வீதம் 120, காப்பீடு 30, குளிர்பானம், ஐஸ்கிரீம், சலவை போன்ற சில்லறைச் செலவுக்கு 40. கூட்டினால் 668. துறைமுக நகரத்துக்குப் போகும் விமானச் செலவு இதில் சேரவில்லை. எளிய உள்கேபினில் (ஜன்னல் இல்லாத கேபின்) போகும் குடும்பத்துக்கு மொத்தச் செலவு கேபின் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டுவது அசாதாரணம் அல்ல.

இன்னொன்றும் தெரிகிறது. பிள்ளையின் கட்டணம் 50, அதே பிள்ளைக்கான டிப்ஸ் 17. கட்டணம் எவ்வளவு மலிவோ, அவ்வளவுக்கு டிப்ஸும் துறைமுகக் கட்டணமும் பெரிதாக உறுத்தும். பாதி விலைச் சலுகை வந்தாலும் மொத்தப் பில் பாதியாகாததற்கு இதுதான் காரணம்.

துறைமுகக் கட்டணமும் வரியும் விளம்பர விலையில் அடக்கமா என்று பார்க்க வேண்டும். எல்லாக் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்தே விலை காட்ட வேண்டும் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் பல, அமெரிக்கா முழுவதுமே இவற்றைச் சேர்த்து விலை காட்டத் தொடங்கின. மற்ற நாட்டு இணையதளங்களிலும் முகவர்கள் அனுப்பும் விலைப்பட்டியல்களிலும் இன்னும் தனியாக இருக்கக்கூடும். ஒரே கப்பலுக்கு இரண்டு இடத்தில் இரண்டு விலை தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

டிப்ஸ் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் தானாகவே தினமும் உங்கள் கணக்கில் ஏறும். சூட் எனப்படும் பெரிய சொகுசுக் கேபினுக்குத் தொகை சற்றுக் கூடும். கைக்குழந்தைக்கு உண்டா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது: சிலவற்றில் 2 அல்லது 3 வயதுக்குக் கீழ் இல்லை, சிலவற்றில் எல்லா வயதுக்கும் உண்டு. இதைப் பயணத்துக்கு முன்பே கட்டிவிடலாம். விகிதம் உயரப்போவதாக அறிவிப்பு வந்தால், உயரும் தேதிக்கு முன் கட்டியவர்களுக்குப் பழைய விகிதமே செல்லும் என்பது வழக்கம். செலவைக் குறைக்கப் போய் இந்தத் தொகையைக் கப்பலில் நீக்கச் சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேபினைச் சுத்தம் செய்பவர், உணவு பரிமாறுபவர் ஆகியோரின் வருமானத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. பட்ஜெட் போடும்போதே அதையும் கட்டணத்தின் ஒரு பகுதியாக எழுதிவிடுங்கள்.

கேபின் தேர்வில்தான் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. சாதாரண உள்கேபின் ஏறக்குறைய 150 முதல் 185 சதுர அடிதான். அதில் நாலு பேர் என்றால் கட்டிலோடு சோஃபா படுக்கையும், சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேல் படுக்கையும் சேரும். இரவில் எல்லாம் விரிந்துவிட்டால் நடக்க இடம் இருக்காது. பிள்ளைகள் தூங்கியதும் விளக்கை அணைத்துவிட்டுப் பெரியவர்கள் இருட்டில் உட்கார வேண்டும். 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மேல் படுக்கையில் படுக்க வைக்கக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு விதி. அதனால் உங்கள் 4 வயதுப் பிள்ளைக்குக் கீழ்ப் படுக்கை கட்டாயம். 'நாலு பேர் தங்கலாம்' என்று போட்டிருந்தாலும், அந்த நாலில் எத்தனை கீழ்ப் படுக்கை, எத்தனை மேல் படுக்கை என்று கேபின் வரைபடத்தில் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பால்கனி கேபின் ஒன்றா, இடையில் கதவு உள்ள இரண்டு உள்கேபின்களா என்று இரண்டு விலையையும் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டு கேபின் என்றால் நாலு பேரும் 'முதல் இருவர்' விலையில்தான் கட்டுவீர்கள், ஆனால் உள்கேபின் மலிவு. பிள்ளைகளுக்கான சலுகை குறைவாக உள்ள வாரங்களில் இரண்டு உள்கேபின், ஒரு பால்கனி கேபினின் விலைக்கு அருகில் வந்துவிடும். சில நேரம் அதற்குக் கீழேயும் போகும். குளியலறை இரண்டாகிவிடும், இரவில் பெரியவர்களுக்குத் தனி இடமும் கிடைக்கும். என் தேர்வு பெரும்பாலும் இதுதான். முன்பதிவில் ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்கும். ஐந்து பேர் குடும்பமாக இருந்தால் ஐந்து பேர் தங்கும் கேபின்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே இரண்டு கேபின் கணக்கைப் போடாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கேபின் எண்ணைப் பிறகு நிறுவனமே ஒதுக்கும் என்ற நிபந்தனையில் விலை குறைத்துத் தருவார்கள். ஒரே கேபின் எடுக்கும் தம்பதிக்கு அது லாபம். இரண்டு கேபின் எடுக்கும் குடும்பத்துக்கு ஆபத்து: ஒன்று ஐந்தாம் தளத்திலும் மற்றொன்று பத்தாம் தளத்திலும் விழலாம். குமட்டல் வரும் ஆள் குடும்பத்தில் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எண்ணைப் பார்த்தே எடுங்கள். அங்கே ஆட்டம் குறைவு.

நாலு பேர் கேபின்கள் காலியாக இருப்பதாகத் தெரிந்தும் நாலாவது ஆளைச் சேர்க்க முடியவில்லை என்று வரும். அது இணையதளக் கோளாறு அல்ல. ஒவ்வொரு கேபினும் ஒரு குறிப்பிட்ட உயிர்காப்புப் படகுப் பகுதியோடு இணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதியின் கொள்ளளவு நிரம்பிவிட்டால் கேபினில் படுக்கை இருந்தாலும் ஆளைச் சேர்க்க மாட்டார்கள். பள்ளி விடுமுறை வாரங்களில் இது அடிக்கடி நடக்கும். ஆகவே மூன்று, நான்கு பேர் சேர்ந்து போகும் குடும்பம் கடைசி நேரச் சலுகைக்குக் காத்திருக்கக் கூடாது. திரும்பப் பெறக்கூடிய டெபாசிட்டில் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, முழுத் தொகை கட்டும் நாள் வரை விலையைக் கவனித்துக்கொண்டிருப்பதே சரியான வழி. விலை இறங்கினால், அந்த நாளுக்கு முன்பு கேட்டால், பெரும்பாலும் புதிய விலைக்கு மாற்றித் தருவார்கள். அந்த நாள் தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும்.

பிள்ளைகள் விளையாட்டு மையம் கட்டணத்தில் அடக்கம், அதுதான் குடும்பங்களுக்குக் கிடைக்கும் பெரிய ஆதாயம். ஆனால் வயது வரம்பு உண்டு. கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் 2 வயதிலிருந்து, ராயல் கரீபியனில் 3 வயதிலிருந்து சேர்க்கிறார்கள். 3 வயதிலிருந்து சேர்க்கும் கப்பல்கள் பலவற்றில், பிள்ளை டயப்பர் இல்லாமல் தானே கழிவறை போகப் பழகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேரும். உங்கள் 4 வயதுப் பிள்ளை பழகியிருந்தால் பிரச்சினை இல்லை. மையத்தின் வயது வரம்புக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான காப்பகம் பல கப்பல்களில் மணிக்கணக்கில் காசு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் டயப்பர் போட்ட குழந்தையைப் பொது நீச்சல்குளத்தில் இறக்க அனுமதி இல்லை. நீச்சல் டயப்பரும் செல்லாது. கைக்குழந்தைக்குக் குறைந்தபட்ச வயது பொதுவாக 6 மாதம், நீண்ட கடற்பயணங்களுக்கு 12 மாதம். ஒன்றரை வயதுக் குழந்தையோடு போகும் குடும்பம் நீச்சல்குளத்துக்கும் விளையாட்டு மையத்துக்கும் மறைமுகமாகக் காசு கட்டிவிட்டு இரண்டையும் பயன்படுத்தாமல் திரும்பும். இன்னும் இரண்டு வருடம் பொறுத்துப் போவதே பணத்துக்கு மதிப்பு.

குடிக்கத் தண்ணீர், சாதாரண காபி, தேநீர், காலை உணவோடு பழச்சாறு ஆகியவை பெரும்பாலான கப்பல்களில் இலவசம். குளிர்பானம், சிறப்புக் காபி, மது ஆகியவற்றுக்குக் காசு. விலையோடு சேவைக் கட்டணமாக 18 முதல் 20 சதவீதம் ஏறும். மது பேக்கேஜில் (நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிக் குடிக்கும் ஏற்பாடு) கவனிக்க வேண்டிய விதி: கேபினில் ஒரு பெரியவர் வாங்கினால் அதே கேபினில் உள்ள மற்ற பெரியவரும் வாங்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. பயணத்தின் எல்லா நாளுக்கும் சேர்த்தே வாங்க வேண்டும். ஊர் சுற்றப் போய்விட்டு மாலையில் திரும்பும் நாளுக்கும் முழுக் காசு. பேக்கேஜின் ஒரு நாள் விலையைச் சேவைக் கட்டணத்தோடு சேர்த்து, ஒரு பானத்தின் விலையால் வகுங்கள். வரும் எண்ணிக்கையை இருவரும் தினமும் குடிப்பீர்களா என்று நேர்மையாகப் பாருங்கள். பிள்ளைகளோடு போகும் பெற்றோரில் பெரும்பாலானோருக்குத் தனித்தனியாக வாங்குவதே மலிவாக முடியும்.

வைஃபையைக் கருவிக் கணக்கில் விற்கிறார்கள். ஒரே கருவிக்கு வாங்கி, ஒன்றில் வெளியேறி மற்றொன்றில் நுழைவது பல கப்பல்களில் சாத்தியம். கப்பலின் செயலியில் அட்டவணை பார்ப்பதும் கணக்கு பார்ப்பதும் இணையம் வாங்காமலே முடியும். கப்பல் கிளம்பும் முன் நாலு பேரின் போனையும் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள். மறந்தால் போன் கப்பலின் செயற்கைக்கோள் வழி மொபைல் நெட்வொர்க்கில் தானே இணைந்துகொள்ளும். அது சாதாரண ரோமிங் பேக்கில் அடங்காது, பில் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியவரும்.

இனி கரை. பயண அட்டவணையில் 'ரோம்' என்று இருந்தால் கப்பல் நிற்பது சிவிடாவெக்கியாவில். ரோம் அங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். 'ஃபுளோரன்ஸ்' என்றால் பெரும்பாலும் லிவோர்னோ. 'பாரிஸ்' என்றால் லெ ஆவ்ர், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நாலு பேருக்குப் போகவர டிக்கெட், போக்குவரத்துக்கே நாலைந்து மணி நேரம் போனபின் கையில் மிஞ்சும் நேரம் என்று துறைமுகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். காலை 8-க்கு வந்து மாலை 5-க்குக் கிளம்பும் கப்பலில், இறங்கும் வரிசையும் புறப்பாட்டுக்கு அரை மணி அல்லது அதற்கு மேல் முன்பே திரும்ப வேண்டிய கெடுவும் போக ஏழரை மணி நேரம் கிடைத்தாலே நல்லது. கப்பல் கரையை ஒட்டி நிற்காமல் சிறு படகில் ஆட்களை இறக்கும் துறைமுகமானால் இன்னும் குறையும்.

நிறுவனம் நடத்தும் சுற்றுலா விலை கூடுதல். ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சொந்தமாகப் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும், அடுத்த ஊருக்குச் செல்லும் செலவு உங்களுடையது. ஆகவே தூரத்தை வைத்துப் பிரியுங்கள்: துறைமுகத்தை ஒட்டிய ஊரானால் நடந்தோ உள்ளூர்ப் பேருந்திலோ சொந்தமாகப் போகலாம், நாலு பேருக்கு நல்ல மிச்சம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் நிறுவனத்தின் பேருந்துக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையைக் காப்பீடாக நினையுங்கள். கப்பல் நேரமும் ஊர் நேரமும் வேறுபடும் இடங்கள் உண்டு. போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். ஒருவர் கையில் கப்பல் நேரத்தில் ஓடும் சாதாரணக் கடிகாரம் இருக்கட்டும்.

விமானத்தில் போய்க் கப்பல் ஏறுபவர்கள் முதல் நாளே துறைமுக நகரத்தில் இறங்கி ஓர் இரவு தங்க வேண்டும். அந்த ஓட்டல் செலவைத் தவிர்க்க அன்றே பறந்துபோவது, ஒரு விமானத் தாமதத்தில் மொத்தப் பயணத்தையும் பந்தயம் வைப்பது. திரும்பும் நாளில் கப்பல் காலையில் வந்தாலும் இறங்கி, குடியேற்றம் முடித்து, விமான நிலையம் போக நேரமாகும். நண்பகலுக்கு முந்தைய விமானம் வேண்டாம். 3, 4 இரவுப் பயணம் மலிவாகத் தெரிந்தாலும் விமானமும் ஓட்டலும் அதே அளவுதான், அதை வகுக்க நாட்கள் குறைவு. ஓட்டிப் போகும் தூரத்தில் துறைமுகம் இருப்பவர்களுக்குத்தான் குறும்பயணம் உண்மையில் மலிவு. அங்கேயும் வண்டி நிறுத்தும் கட்டணத்தை நாள் கணக்கில் சேருங்கள்.

காப்பீட்டில் கை வைக்காதீர்கள். கப்பல் மருத்துவர் கட்டணம் வாங்கித்தான் பார்ப்பார், பல நாட்டு மருத்துவக் காப்பீடுகள் கடலில் செல்லாது. பெரிய செலவு, நோயாளியைக் கப்பலிலிருந்து கரை மருத்துவமனைக்கு அவசரமாகக் கொண்டுபோவது. பாலிசியில் அந்த வரி இருக்கிறதா, கப்பல் பயணம் என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்களா என்று படியுங்கள். ரத்து விதி படிப்படியாக இறுகும்: முழுத் தொகை கட்டும் கெடு பொதுவாகப் புறப்பாட்டுக்கு 75 முதல் 90 நாள் முன். அதன் பிறகு ரத்து செய்தால் முதலில் ஒரு பகுதியும், கடைசி வாரங்களில் முழுவதும் போகும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலே நாலு பேரின் பயணமும் நின்றுவிடும் என்பதால் இது குடும்பத்துக்கு அதிகம் பொருந்தும்.

விசாவையும் நாலால் பெருக்குங்கள். ஷெங்கன் நாட்டில் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் குழுவில் ஒன்று) ஏறி, இடையில் அதற்கு வெளியே ஒரு நாட்டுக்குப் போய், மீண்டும் ஷெங்கனுக்குள் வரும் பயணத்துக்கு ஒருமுறை நுழைவு விசா போதாது. ஆவணம் குறைந்தால் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், பணமும் திரும்பாது. பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போனால் மற்றவரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் கையில் வேண்டும்.

தரை விடுமுறையோடு ஒப்பிடும்போது கட்டணத்தை மட்டும் பக்கத்தில் வைத்தால் கப்பல் எப்போதும் விலை கூடியதாகத் தெரியும். நாலு பேர், நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள் என்றால் 84 சாப்பாடு. அதை வெளியே வாங்கும் விலையில் தரைக் கணக்கில் எழுதுங்கள். ஊருக்கு ஊர் போகும் ரயில் அல்லது வாடகைக் கார், மாலை நேரப் பொழுதுபோக்கு, பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ளும் செலவு எல்லாவற்றையும் சேருங்கள். கப்பல் பக்கத்தில் 7 இரவு என்பது முழுதாக 6 நாள் என்று எழுதுங்கள். ஏறும் நாள் மதியத்துக்கு மேல்தான் தொடங்கும், இறங்கும் நாள் காலையோடு முடியும். பல ஊர் பார்க்க நினைக்கும் குடும்பத்துக்கும், வயதானவர்களை அழைத்துக்கொண்டு தினமும் பெட்டி கட்ட முடியாதவர்களுக்கும் இந்த ஒப்பீட்டில் கப்பல் அடிக்கடி ஜெயிக்கும். ஒரே கடற்கரையில் சமையலறை உள்ள வீடு எடுத்துச் சமைத்துச் சாப்பிடும் குடும்பத்தோடு போட்டி போட்டால் தோற்கும். பள்ளி விடுமுறைக்குக் கொஞ்சம் முன்போ பின்போ போக முடிந்தால் கணக்கே மாறும். ஒரே கேபினுக்கு அந்த ஒரு வார வித்தியாசம் மற்ற எல்லாச் சிக்கனத்தையும் விடப் பெரிது.

கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேசையில் பிள்ளைகளின் அட்டைகளில் செலவு செய்யும் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த அட்டைதான் கேபின் சாவி, விளையாட்டு இயந்திரக் கூடத்தில் அதுவே காசு. 9 வயதுப் பிள்ளைக்கு அதில் வித்தியாசம் தெரியாது. தினமும் இரவு செயலியில் கணக்கைப் பாருங்கள். எடுக்காத புகைப்படம், குடிக்காத பானம் என்று தவறான பதிவு இருந்தால் அன்றே திருத்துவது எளிது. கடைசி நாள் காலையில் வரவேற்பு மேசை வரிசை மிக நீளமாக இருக்கும். கார்டில் செலுத்தும்போது உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றித் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கப்பலின் பணத்திலேயே கட்டுங்கள். மாற்று விகிதத்தில் வைக்கும் கூடுதல் தொகை மிஞ்சும். இறங்கிய சில நாட்களுக்கு வங்கிக் கணக்கில் பிடித்து வைத்த முன்தொகையும் உண்மையான பில்லும் சேர்ந்து தெரியலாம். முன்தொகை தானாக விடுபடும். ஆனால் டெபிட் கார்டு கொடுத்திருந்தால் அதுவரை அந்தப் பணம் கைக்கு வராது. அதனால் கப்பல் கணக்குக்குக் கிரெடிட் கார்டையே கொடுங்கள்.